காசோலை அட்டை வேண்டாம், சோதனைக்கூடச் சாவி கொடுங்கள்

விண்வெளி, வான்பாதுகாப்பு ஹேக்கத்தான் நடத்துவோருக்கு ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெங்களூரில் விண்வெளிக்கும் வான்பாதுகாப்புக்கும் புதிய கருவிகளைத் தேடி ஹேக்கத்தான் நடத்தும் அதிகாரிகளே, கல்லூரி முதல்வர்களே, ஸ்டார்ட்அப் நிறுவனர்களே, நடுவர் நாற்காலியில் அமர்பவர்களே!

ஒக்கலிபுரம் உங்களில் பலருக்கு ஒரு போக்குவரத்துச் சந்திப்பின் பெயர். மெஜஸ்டிக் ரயில் நிலையத்தை ஒட்டி, தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் இங்கேயும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் நிறைய. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இப்போது உங்கள் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போய், இரவெல்லாம் கண்விழித்து, சான்றிதழும் டி-ஷர்ட்டுமாகத் திரும்புகிறார்கள். வென்றவர்கள் ஆள் உயரக் காசோலை அட்டையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த யோசனைகளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

இப்படிப்பட்ட போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. 1940-இல் விமானம் செய்யும் எச்.ஏ.எல். இங்கே தொடங்கியது. செயற்கைக்கோள் செய்யும் யு.ஆர்.ராவ் மையம் இங்கே, போர் விமான இயந்திரத்துக்கான ஜி.டி.ஆர்.இ. இங்கே, முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு விண்வெளி முகமை 2019-இல் அமைந்ததும் இங்கேதான். சென்னையை அடுத்த திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட, பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ், தன் முதல் ஸ்டார்ட்அப் சவாலை அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரில்தான் வெளியிட்டது. 2022-இல் ‘மிஷன் டெஃப்ஸ்பேஸ்’ என்ற பெயரில் ராணுவ விண்வெளிக்கென 75 சவால்கள் வந்தன. கல்லூரியில் படிக்கும்போதே இரண்டு இளைஞர்கள் தொடங்கிய இவ்வூர் பிக்செல் நிறுவனம், 150 கிலோ வரை எடையுள்ள சிறிய செயற்கைக்கோளை உருவாக்க 2024 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட்டது. கதவு திறந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கதவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஐடெக்ஸ் தரும் உதவி, பெரும்பாலும் கையில் ஓரளவு முதலும் பதிவு செய்த நிறுவனமும் உள்ளவர்களுக்கு. அரசு தரும் தொகைக்கு ஈடாகத் தாங்களும் போட வேண்டும். இன்னொரு முனையில், 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானைப் போல, 36 மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் மாணவர் போட்டிகள். முதலாவதில் பொருள் கேட்கிறார்கள், இரண்டாவதில் யோசனை கேட்கிறார்கள். யோசனை பொருளாக மாறும் இடம் சோதனைக்கூடம். அதை யாரும் தருவதில்லை. இந்த ஊரில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. செய்ததை உடைத்துப் பார்க்க இடம்தான் இல்லை.

36 மணி நேரத்தில் எதுவும் ஆகாது என்று சொல்லவில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகத்தையும் பனியையும் பிரித்தறியும் நிரல் எழுதலாம். ஜி.பி.எஸ். சிக்னல் கெடுக்கப்பட்டால் ட்ரோன் எப்படி வழி காணும் என்பதற்கு ஒரு மாதிரியைக் கணினியில் ஓட்டிக் காட்டலாம். ஆனால் அந்த ட்ரோன் காற்றில் என்ன செய்யும்? அதைப் பறக்கவிட்டால்தான் தெரியும். பறக்கவிட இந்த ஊரில் இடம் எங்கே? ஒரு பக்கம் எச்.ஏ.எல். விமான நிலையம், ஒரு பக்கம் எலகங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் ஓடுதளம், அதற்கப்பால் கெம்பேகவுடா விமான நிலையம். அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாதபடி 2021 ட்ரோன் விதிகள் வரைந்த சிவப்பு, மஞ்சள் வட்டங்களுக்குள்தான் எங்கள் மொட்டை மாடிகள் பெரும்பாலும் இருக்கின்றன. விதி சரியானதுதான். ஆனால் ‘திரள் ட்ரோன் செய்து வா’ என்று தலைப்பு கொடுக்கிற நீங்கள், அதைப் பறக்கவிட ஒரு மைதானத்துக்கு அனுமதி வாங்கித் தர வேண்டாமா?

இந்த ஊரின் விண்வெளி வரலாறே கிடைத்த இடத்தில் சோதித்துப் பார்த்தவர்களின் வரலாறு. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா, பீன்யா தொழிற்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைகளில் உருவானது. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறிய அந்த 360 கிலோ கோளில், ஐந்தாம் நாளே மின் வழங்கலில் கோளாறு வந்து அறிவியல் கருவிகள் நின்றன. அதை யாரும் தோல்வியென்று மூடி வைக்கவில்லை. அடுத்த கோள்களைச் செய்யக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஆறு ஆண்டுகள் கழித்து ஆப்பிள் என்ற தகவல் தொடர்புக் கோளின் ஆன்டெனாவைச் சோதிக்க வேண்டியிருந்தது. லாரியின் இரும்பு உடல் அலைகளைக் குழப்பும் என்பதால், கோளை ஒரு கட்டை மாட்டுவண்டியில் ஏற்றித் திறந்த வெளிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் புகைப்படத்தை இந்தியாவின் ஏழ்மைக்கு அடையாளமாகச் சிலர் காட்டுவதுண்டு. அதில் இருப்பது ஏழ்மை அல்ல, சோதிக்காமல் அனுப்ப மாட்டோம் என்ற பிடிவாதம். திட்ட இயக்குநர் ஆர்.எம்.வாசகம் நம்மவர், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

உங்கள் மேடைகளில் அப்துல் கலாம் படம் இல்லாமல் இருப்பதில்லை. கலாம் ராக்கெட்டுக்கு வருமுன் இதே பெங்களூரில், வான்வழி மேம்பாட்டு நிறுவனமான ஏ.டி.இ.யில், ஒரு சிறிய குழுவை வைத்துக்கொண்டு ஹோவர்கிராஃப்ட் செய்தார் என்பதை அந்த மேடைகளில் யாராவது சொல்லுங்கள். ‘நந்தி’ என்று அதற்குப் பெயர். மூன்றாண்டு அவகாசமும் வேலை செய்ய ஒரு பட்டறையும் அவர்களுக்குக் கிடைத்தன. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனே அதில் ஏறிப் பயணம் செய்தார். 1962-இல் மேனன் பதவி விலகியதும் ஆதரவு வற்றியது. நந்தி மூலைக்குப் போனது. ஆனால் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் எம்.ஜி.கே.மேனன் வந்து அதைப் பார்த்தார். அதன் பிறகுதான் கலாமுக்கு இந்திய விண்வெளி ஆய்வுக் குழுவின் நேர்காணல் அழைப்பு வந்தது. கைவிடப்பட்ட ஒரு திட்டம் ஒருவரைத் தும்பா ராக்கெட் தளத்துக்குக் கொண்டுபோனது எப்படி? வந்தவர் பார்ப்பதற்கு ஓடுகிற ஒரு வண்டி இருந்தது. இருபது ஸ்லைடு பிபிடியை வைத்துக்கொண்டு அந்த அழைப்பை வாங்கியிருக்க முடியாது.

சோதனை வசதி இல்லாததன் விலையும் இவ்வூருக்குத் தெரியும். தேஜஸ் விமானத்துக்காக 1989-இல் தொடங்கிய காவேரி இயந்திரத்தை ஜி.டி.ஆர்.இ. இங்கேதான் உருவாக்கியது. உயரமான வானத்தில் அது எப்படி இயங்கும் என்று பார்க்க ரஷ்யாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே ஒரு இல்யூஷின் விமானத்தின் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். தேஜஸ் இன்றும் அமெரிக்க இயந்திரத்தில்தான் பறக்கிறது. காவேரி சுணங்கியதற்கு உலோகவியல் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடுத்த நாட்டின் கூடத்தில் முறைக்காகக் காத்திருப்பவன் எத்தனை முறைதான் திருத்துவான்? நாட்டின் பெரிய ஆய்வகத்துக்கே இதுதான் நிலை என்றால், எஸ்.பி. சாலையில் உதிரிபாகம் வாங்கிக்கொண்டு வரும் மூன்றாம் ஆண்டு மாணவியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நல்ல முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, கோள்களை இறக்கிவிட்டபின் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதையே சோதனை மேடையாக மாற்றினால் என்ன என்று இஸ்ரோவில் சிலருக்குத் தோன்றியது. இன்று அதற்குப் போயெம் என்று பெயர். 2024 ஜனவரி 1 அன்று ஏவிய ராக்கெட்டின் அந்த அடுக்கில், பெங்களூர் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் தன் உந்துகருவியை விண்ணிலேயே இயக்கிப் பார்த்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பொறியியல் கல்லூரியின் மாணவிகள் செய்த கருவியும் அதே மேடையில் போனது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று போன அடுத்த மேடையில், நம் ஆர்.வி. பொறியியல் கல்லூரி மாணவர்களின் நுண்ணுயிர்ச் சோதனைப் பெட்டி இருந்தது. இஸ்ரோ அவர்களுக்குக் காசோலை கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. சோதிக்க ஓர் இடமும், அது போய்ச் சேரும் தேதியும் கொடுத்தது. அந்தத் தேதிக்குள் அதிர்வுச் சோதனை, வெப்பச் சோதனை எல்லாம் முடித்துக்கொண்டு வா என்று கேட்டது. மாணவர்கள் முடித்துக்கொண்டு போனார்கள்.

இந்த மேடையின் முதல் பயணம் 2019 ஜனவரி 24 அன்று. அதில் சென்றது சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் மாணவர்களின் கலாம்சாட். அதே ராக்கெட்டின் முதன்மைச் சுமை, பாதுகாப்புத் துறையின் மைக்ரோசாட்-ஆர். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 27 அன்று, ‘மிஷன் சக்தி’யில் ஏவுகணையால் தாக்கி உடைக்கப்பட்டது அந்தக் கோள்தான். மாணவர் கைவினையும் ராணுவ இலக்கும் ஒரே ராக்கெட்டில் ஏறும் துறை இது. தாழ்வான சுற்றுப்பாதையில் தாக்கியதால் சிதறல்களில் பெரும்பகுதி விரைவில் எரிந்து விழுந்தது. சில துண்டுகள் மேலே வீசப்பட்டு ஓராண்டைத் தாண்டியும் சுற்றின. ஆகவே போட்டிக்கு வரும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இந்த நிரல் யாருக்குப் போகும், எதற்குப் பயன்படும், உரிமை யாருடையது என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பு, புரிகிற மொழியில் சொல்லுங்கள். நாட்டைக் காக்கும் வேலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் மறைக்கவும் வேண்டாம். அதோடு, ஏவிய ஒவ்வொன்றையும் எப்படிக் கீழே இறக்குவது என்பதையும் கேள்வித்தாளில் சேருங்கள். 2030-க்குள் குப்பை மிச்சம் வைக்காத பயணங்கள் என்று இஸ்ரோ இலக்கு வைத்திருக்கிறது. மேலே சொன்ன 2024 ஜனவரி மேடையை மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் எரித்தும் காட்டியிருக்கிறது.

கேள்விகளையும் எங்கிருந்து எடுப்பது என்று சொல்கிறேன். ‘செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எல்லைப் பாதுகாப்பை மேம்படுத்துக’ என்பது போன்ற தலைப்பு, தேர்வுக் கட்டுரைக்குத்தான் ஆகும். 2022 ஆகஸ்ட் 7 அன்று முதல் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட் உள்ளிட்ட செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வில், முடுக்கமானிகள் சில கணங்கள் அளவுக்கு மீறிய எண்களைக் காட்டின. உண்மையில் கருவிகள் கெடவில்லை; கெட்டுவிட்டன என்று மென்பொருள் முடிவு செய்துகொண்டு மாற்று வழிக்குத் தாவியது. வட்டப் பாதையில் போக வேண்டிய கோள்கள், பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை இறங்கும் நீள்வட்டத்தில் விழுந்து எரிந்தன. காரணத்தை இஸ்ரோவே வெளியிட்டது. ‘கெட்டுப்போன சென்சாரையும், ஒரு கணம் தடுமாறிய சென்சாரையும் எப்படிப் பிரித்தறிவாய்?’ இதுவல்லவா கேள்வி! ரகசியம் ஏதும் வெளியே போகாது. பதிலை ஒரு அதிர்வு மேசையில் வைத்து அன்றே சரிபார்த்தும் விடலாம்.

வெளிநாட்டிலிருந்தும் எடுக்கலாம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், கே.ஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் பல்லாயிரம் மோடம்கள் செத்துப்போயின. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. விண்ணில் இருந்த கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தரையில் இருந்த வலைப்பின்னலின் வழியே வந்து, வீட்டு மோடத்தின் நினைவகத்தை அழித்திருந்தார்கள். விண்வெளிப் பாதுகாப்பு என்றதும் ஏவுகணையையே வரைகிற பிள்ளைகளுக்கு, மேசைமேல் இருக்கும் பெட்டியும் போர்க்களம்தான் என்று காட்ட இதைவிடப் பாடம் வேண்டாம்.

‘பாதுகாப்பு ஆய்வகத்துக்குள் மாணவர்களை விட முடியுமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது, விடவும் வேண்டாம். அமெரிக்க விமானப்படையும் விண்வெளிப் படையும் 2020 முதல் ‘ஹேக்-எ-சாட்’ என்ற போட்டியை நடத்தின. தங்கள் ராணுவக் கோள்களை அவர்கள் திறந்துவிடவில்லை. போட்டிக்கென்றே மூன்லைட்டர் என்ற சிறு கோளைச் செய்து, 2023-இல் சுற்றுப்பாதைக்கு அனுப்பி, உடைத்துப் பாருங்கள் என்றார்கள். வென்றது ஓர் இத்தாலியக் குழு. நாம் கோள் அனுப்பக்கூட வேண்டாம். தரையில் ஒரு பழைய பொறியியல் மாதிரியை வைத்தால் போதும். விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி வழங்கும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ் அகமதாபாத்தில் அமைத்துள்ள தொழில்நுட்ப மையத்தில் தனியார் நிறுவனங்கள் அதிர்வு, வெப்ப-வெற்றிடச் சோதனைகளைச் செய்துகொள்ளலாம். அதுபோல் ஒன்று மாணவர்களுக்கென்று இந்த ஊரில் ஏன் இருக்கக் கூடாது? நம் விமானப்படையும் 2018-இல் அறிவித்த மெஹர் பாபா திரள் ட்ரோன் போட்டியை ஓரிரவில் முடித்துவிடவில்லை. பேரிடர் நேரத்தில் உதவும் ட்ரோன்களைக் களத்தில் பறக்கவிட்டுக் காட்டும்படி கட்டம் கட்டமாக நடத்தியது. 1948-இல் சரியான வரைபடம்கூட இல்லாமல் லேயில் முதல் விமானத்தை இறக்கியவரின் பெயரை வைத்துக்கொண்டு, வெறும் ஸ்லைடுக்குப் பரிசு கொடுக்க அவர்களுக்கு மனம் வந்திருக்காது.

சோதனைக்கு இடம் கொடுத்தால் இன்னொரு கூட்டமும் உள்ளே வரும். உங்கள் அரங்குகளில் பேச்சு சரளமாக வருகிறவர்களே முன்னால் நிற்கிறார்கள். சோதனைக்கூடத்தில் நிலைமை மாறும். சாலிடர் பிடிக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பையனும், லேத்தில் அரை மில்லியைச் சரிசெய்யத் தெரிந்த பாலிடெக்னிக் பெண்ணும் அங்கே தேவைப்படுவார்கள். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் பீன்யா சில நிறுத்தங்கள்தான். ஆர்யபட்டா பிறந்த அந்தப் பேட்டையின் பட்டறைகளில் எங்கள் வீட்டு ஆண்களும் பெண்களும் இன்றும் வேலை செய்கிறார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகனாகப் பிறந்து, முதலில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர். அவரைப் போன்றவர் இன்று உங்கள் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால், ‘பி.இ. மாணவர்கள் மட்டும்’ என்ற வரியில் நின்றுபோவாரா என்று ஒருமுறை பாருங்கள்.

கேட்பது நான்குதான்.

ஒன்று: பரிசைச் சோதனை மணிநேரமாகக் கொடுங்கள். முதல் பரிசு பெற்ற குழுவுக்கு அதிர்வு மேசையில், வெப்ப-வெற்றிட அறையில், அனுமதி பெற்ற ட்ரோன் மைதானத்தில் இத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுங்கள். மேடைக்கும் பேனருக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பினால் தொடங்கிவிடலாம்.

இரண்டு: கேள்வியை உண்மையான கோளாறிலிருந்து எடுங்கள். அந்தக் கோளாறோடு மல்லுக்கட்டிய ஒரு பொறியாளரையோ தொழில்நுட்பப் பணியாளரையோ நடுவராக உட்கார வையுங்கள். அழகாகச் சொன்னதை அவர் கேட்க மாட்டார். எங்கே உடையும் என்று கேட்பார்.

மூன்று: டிப்ளமோ, ஐ.டி.ஐ. மாணவர்களைச் சேருங்கள். கேள்வித்தாளைக் கன்னடத்திலும் தமிழிலும் தாருங்கள். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் குழுவுக்கு ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி வைக்க முடிந்ததென்றால், பட்டறைக் கை ஒன்று இருக்க வேண்டும் என்றும் வைக்க முடியும்.

நான்கு: ஆறு மாதம் கழித்து எல்லோரையும் மறுபடி கூப்பிடுங்கள். வென்றவர்கள் மட்டுமல்ல, தோற்றவர்களும் வரட்டும். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பொதுவில் சொல்லட்டும். சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட், ஏவுதளம் வரை போய்ப் பலமுறை நிறுத்தப்பட்டு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. அந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் எதையோ கற்றுக்கொடுத்திருக்கும். அப்படிப்பட்ட பாடங்களைத்தான் உங்கள் இரண்டாம் கூட்டத்தில் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

இதனால் போட்டியின் பரபரப்பு குறையும். செய்தித்தாளில் படம் வருவதும் ஆறு மாதம் தள்ளிப்போகும். பெயர் கொடுக்கிற கூட்டமும் பாதியாகலாம். ஆனால் மிச்சமிருக்கும் பாதியின் கையில் ஓடுகிற, அல்லது உடைந்து காரணம் தெரிந்த, ஒரு பொருள் இருக்கும். படைகளுக்கும் விண்வெளித் துறைக்கும் தேவைப்படுவது அதுதான் என்று எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

அடுத்த அறிவிப்புச் சுவரொட்டியில் பரிசுத் தொகையைப் பெரிய எழுத்தில் போடும் இடத்தில், எந்தச் சோதனைக்கூடம், எந்தத் தேதிகள், எத்தனை மணி நேரம், சாவிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று போடுங்கள். அப்படி ஒரு சுவரொட்டி வந்தால், ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் அதைச் சுவர் சுவராக ஒட்டித் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒக்கலிபுரவாசி ஒருவர்